வானத்தில் காணாமற்போன ஐந்து மணித்தியாலம்

போன வாரம் கமலாசனியைக் குசினிக்குள், கையில் ஒரு டிக்கெற் உறையோடு விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாக அடுப்படியிலேயே நிற்கிறாளே, கால் உளையாதா என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அவளுடைய ஊரான முள்ளியவளையில் ஓர் இரவுதான் போயிருக்கிறது. அந்த இரவில் அவள் கண்ணை மூடவில்லை என்பது மட்டும் உண்மை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. தில்லைநாதன் ஜெத்தாத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மாத லீவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு சூட்கேசோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான். அவனுடைய மனைவி கமலாசனிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. அதில் இரண்டு வருஷம் புருஷனும் இல்லை. வந்தவனை இருத்தி வைத்து, பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை அவனுடைய சட்டையைத் தோய்க்க எடுத்தபோதுதான் பைக்குள் அந்த உறை அகப்பட்டது. அதன் மேல் டிக்கெற் கொடுத்தவன் பேனாவால் எழுதியிருந்தான். ஜெத்தா 2.00, கொழும்பு 11.00.

விரலை மடக்கிப் பார்த்தாள். ஒன்பது மணித்தியாலம்.

அது எப்படி? இரண்டு வருஷத்துக்கு முன் தில்லைநாதன் ஜெத்தாவிலிருந்து போட்ட முதற் கடிதம் அலுமாரிக்குள், அவளுடைய கூறைச் சீலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ‘காலை எட்டு மணிக்குப் பிளேன் எழும்பியது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இங்கே இறங்கிவிட்டோம்’ என்று அதில் எழுதியிருந்தான். அந்த வரியைக் கமலாசனி எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்! “நாலு மணித்தியாலம்தான். நாங்கள் வவுனியாவுக்கு பஸ்சிலை போய் வாற நேரம்கூட இல்லை” என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த இரண்டு வருஷத்தையும் கடத்தினாள். புருஷன் தூரத்தில் இல்லை, நாலு மணித்தியாலத்தில்தான் இருக்கிறான் என்பது அவளுக்கு ஒரு ஆறுதல்.

போகும்போது நாலு. வரும்போது ஒன்பது. மிச்சம் ஐந்து மணித்தியாலம் எங்கே?

பிளேன் எங்கோ ஒரு ஊரில் இறங்கி நின்றிருக்கிறது. அந்த ஊரில் அவன் சும்மா நின்றிருக்க மாட்டான். கூட யாரோ நின்றிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதில் கமலாசனிக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. தில்லைநாதன் கிணற்றுக் கட்டில் இருந்து பல் விளக்கிக்கொண்டு அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தான். அக்கா வடிவம்மா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். தான் கல்யாணம் கட்டாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

“ராசமலர் எப்பிடியடா இருக்கிறாள்?” என்று கேட்டாள் வடிவம்மா.

“அவளுக்கென்ன. ஆஸ்பத்திரியிலை இப்ப அவளுக்குக் கீழை நாலு பேர்.”

குசினிக்குள் ஒரு பானை மூடி விழுந்த சத்தம் கேட்டது. விழுந்ததா, விழுத்தியதா என்று சொல்லத் தேவையில்லை.

ராசமலர் தில்லைநாதனின் மாமன் மகள். பிறந்த நாளிலிருந்தே ‘தில்லைக்கு மலர்’ என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். சாதகம் பொருந்தவில்லை என்று ஒரு சாத்திரி சொல்லப்போய்த்தான் கமலாசனி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். ராசமலர் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் ஜெத்தாவுக்குப் பறந்தாள். போய் அடுத்த வருஷமே தில்லைநாதனுக்கு விசா அனுப்பினாள்.

அந்த விசாவால்தான் கூரைக்கு ஓடு வந்தது, கிணற்றுக்குக் கட்டு வந்தது. தண்ணீர் அள்ளுகிற ஒவ்வொரு வாளியிலும் ராசமலரின் முகம் தெரிகிற மாதிரி இருந்தால் ஒரு பெண் எப்படி நிம்மதியாகக் குளிப்பாள்? கமலாசனி இரண்டு வருஷமாகப் பொறாமையில்தான் முகம் கழுவினாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பொறாமை வந்தால் அது சாதாரணப் பொறாமையைவிட இரண்டு மடங்கு எரியும்.

போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை சூட்கேசைத் திறந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சீலையை எடுத்து அவளுடைய மடியில் போட்ட தில்லைநாதன், “எனக்கு உதுகள் தெரியாது, ராசமலர்தான் தெரிஞ்செடுத்துத் தந்தவள்” என்று சொல்லி வைத்தான். அந்தச் சீலை இன்னும் மடிப்புக் குலையாமல் கதிரையில் கிடக்கிறது.

கமலாசனி தேத்தண்ணியோடு கிணற்றடிக்கு வந்தாள். கோப்பையை அவனிடம் கொடுக்காமல் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ. ஒரு கணக்குக் கேக்கவேணும்.”

“கேளன்.”

“முதல் போகேக்கை எத்தினை மணிக்குப் பிளேன் எழும்பினது?”

“எட்டுக்கு.”

“இறங்கினது?”

“பன்னிரண்டுக்கு. அதைத்தானே எழுதினனான்.”

“அப்ப நாலு மணித்தியாலம். இப்ப வரேக்கை ரெண்டுக்கு எழும்பிப் பதினொண்டுக்கு இறங்கியிருக்கிறீங்கள். ஒம்பது மணித்தியாலம். போன வழியாலைதானே வந்தனீங்கள்? மிச்சம் அஞ்சு மணித்தியாலம் எங்கை நிண்டனீங்கள்? ஆரோடை நிண்டனீங்கள்?”

தில்லைநாதன் வாய்க்குள் இருந்த தண்ணீர் சிதறச் சிரித்தான். அழுதிருந்தால் பிழைத்திருப்பான்.

“அடி விசரி, அங்கத்தை நேரம் வேற, இஞ்சத்தை நேரம் வேற. அங்கை மணி பிந்தி. அதுதான் அப்பிடித் தெரியுது.”

“நேரம் வேறயோ? வவுனியாவிலை நேரம் வேறயோ? கொழும்பிலை வேறயோ? ரேடியோவிலை சொல்லுற மணி எல்லா ஊருக்கும் ஒண்டுதானே. உங்கடை ஜெத்தாவுக்கு மட்டும் தனிச் சூரியன் வருதோ?”

“சூரியன் ஒண்டுதான்... அது வந்து... பூமி சுத்துறதாலை...” தில்லைநாதனிடம் பாரந்தூக்கியைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்லுவான். பூமி சுற்றுவதைப் பற்றி அவனுக்குச் சொல்ல வரவில்லை. கடைசியில் சொல்லக்கூடாததைச் சொன்னான். “எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்லை. ராசமலர் எண்டால் வடிவாச் சொல்லுவாள். அவளுக்கு உதெல்லாம் தெரியும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதற்குத்தான்.

கமலாசனியின் முகம் கறுத்தது. “ஓம், அவாவுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்டும் தெரியாது. மச்சாள், நீங்கள் சொல்லுங்கோ. ராசமலரும் இந்த மாதம் லீவிலை வாறன் எண்டு உங்களுக்குக் காயிதம் போட்டவாதானே?”

வடிவம்மா பல்லுக் குச்சியை மென்றபடி, “வரப் பாக்கிறன் எண்டுதான் எழுதினவள். வந்தாளோ இல்லையோ, நான் என்ன கண்டன்” என்றாள்.

எரிகிற அடுப்புக்கு இது நல்ல காய்ந்த விறகு.

“அவள் வரேல்லை!” என்றான் தில்லைநாதன்.

“சத்தியம் பண்ணுவீங்களோ?”

“எங்கை வேணுமெண்டாலும் பண்ணுறன்.”

“எங்கை வேணுமெண்டாலுமெண்டு சொல்லாதையுங்கோ. வற்றாப்பளை அம்மாளின்ரை முன்றலிலை, கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவீங்களோ?”

வன்னியில் பிறந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீதிமன்றத்தில் பொய் சொன்னவன் இருக்கிறான், பொலிசில் பொய் சொன்னவன் இருக்கிறான். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் பொய் சொன்னவன் நல்லபடி வீடு போய்ச் சேர்ந்ததாக ஒரு கதையும் கிடையாது. அதுவும் புருஷனுக்கு நடந்த அநியாயத்துக்கு நியாயம் கேட்டு ஒரு நகரத்தையே எரித்த அம்மன். அங்கே போய் நின்று ஒரு பெண் நியாயம் கேட்டால் அம்மன் யார் பக்கம் சாய்வாள் என்று முள்ளியவளை ஆண்கள் எல்லாருக்கும் தெரியும்.

“பண்ணுறன்,” என்றான் தில்லைநாதன். “இண்டைக்குப் பின்னேரமே போவம்.”

அவனுடைய குரலில் பயம் இல்லை. ஆனால் வடிவம்மா மென்றுகொண்டிருந்த குச்சியைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

“உந்தச் சின்ன விஷயத்துக்கு அம்மாளிட்டைப் போறதோ? தம்பி, வேண்டாமடா. கமலம், புருஷன் பெண்சாதிக் கதையை வீட்டுக்குள்ளை முடிக்கவேணும்.”

“சின்ன விஷயமெண்டால் நீங்கள் ஏன் மச்சாள் பதறுறியள்?” என்றாள் கமலாசனி.

வடிவம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அது நிரம்பிய பிறகும் கயிற்றை இழுக்க மறந்து நின்றாள்.

வீட்டில் கற்பூரம் இருந்தது. என்றாலும் இந்தக் காரியத்துக்குப் புதுக் கற்பூரம் வேண்டும் என்று கமலாசனிக்குப் பட்டது. குடையை எடுத்துக்கொண்டு தண்ணீரூற்றுச் சந்திக்கு நடந்தாள். வழியில் கண்ட இரண்டு பேர், “என்ன, அவர் வந்திட்டாராம்” என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் அவர்கள் இரண்டு பேரிலும் பொறாமையாக இருந்தது. அவர்களுடைய புருஷன்மார் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர்கள். எந்த மணிக்குப் போனார்கள், எந்த மணிக்கு வந்தார்கள் என்று வேலியில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

அப்துல் மஜீத் ஹாஜியாரின் கடையில் ஒரு பக்கம் புடைவை, மறுபக்கம் பலசரக்கு. போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகு ஊரில் எல்லாருக்கும் அவர் ஹாஜியார்தான். ஹஜ் கதை சொல்ல ஆள் கிடைத்தால் அவருக்குச் சாப்பாடு தேவைப்படாது. அவர் கமலாசனியைக் கண்டதும் முழக்கோலைக் கீழே வைத்தார்.

“வா தங்கச்சி. தில்லை வந்திட்டாராமே. நான் ஜெத்தாவில நிண்டநேரம் அவரைத் தேடிக் கேட்டனான், காணக் கிடைக்கேல்ல. பெரிய ஊர். என்ன வேணும்?”

“ஒரு பெட்டி கற்பூரம் தாங்கோ.” பெட்டி கைக்கு வந்தது. கமலாசனி போகவில்லை. ஜெத்தா என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. “ஹாஜியார், ஜெத்தாவுக்கு எத்தினை மைல்?”

“பிளேனுக்குள்ள சொன்னாங்கள், ரெண்டாயிரத்துத் தொளாயிரமாம். நம்மட சந்தியில இருந்து கொழும்புக்குப் பதினைஞ்சு தரம் போற தூரம். ஆறரை மணித்தியாலம் இருந்து இருந்து முழங்கால் மரத்துப்போச்சு.”

“ஆறரையோ? நாலு மணித்தியாலம் இல்லையோ?”

“ஆர் சொன்னது? போகேக்கயும் ஆறரை. வரேக்கயும் ஆறரை.”

கமலாசனி திகைத்தாள். நாலும் போய், ஒன்பதும் போய், இப்போது ஆறரை வந்து நிற்கிறது. உறையை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள். கடிதத்தில் எழுதியிருந்ததையும் சொன்னாள். ராசமலரைப் பற்றிச் சொல்லவில்லை.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டு உறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது தில்லைநாதனின் சிரிப்புப் போல இல்லை. தானும் அதே குழியில் விழுந்து எழும்பியவனின் சிரிப்பு.

“தங்கச்சி, இஞ்ச நான் விடிய எழும்பிச் சுபஹு தொழுது, சாப்பிட்டு, கடை திறந்து ரெண்டு பேருக்குச் சாமான் குடுத்து முடிச்ச பிறகுதான் அங்க விடியிறது. சூரியன் நம்மட பக்கத்தால முந்தி வருது. ஜெத்தாவுக்குப் போய்ச் சேர அதுக்கு ரெண்டரை மணித்தியாலம் எடுக்கும். அங்க இறங்கினவுடன எல்லாரும் கைமணிக்கூட்டை ரெண்டரை மணித்தியாலம் பின்னால திருப்புவாங்கள். திரும்பி வந்தா முன்னால திருப்புவாங்கள்.”

கமலாசனி கற்பூரப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு விரல்களை எடுத்தாள். போகும்போது ஆறரையில் இரண்டரை போனால் நாலு. வரும்போது ஆறரையோடு இரண்டரை சேர்ந்தால் ஒன்பது.

திரும்பவும் எண்ணினாள். நாலு. ஒன்பது. ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. பிளேன் எங்கும் இறங்கவில்லை. எந்த ஊரிலும் யாரோடும் யாரும் நிற்கவில்லை. அந்த மனிதன் காலையில் சொன்னது உண்மைதான். விளங்கப்படுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். பாவம் அந்த மனிதன் என்று முதல் தடவையாக நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“நான் மட்டும் திருப்பேல்ல,” என்று ஹாஜியார் தன் கதையைத் தொடர்ந்தார். “கூட வந்தவங்கள் எல்லாம் சிரிச்சவங்கள். அங்கத்தை மணிக்கூட்டைப் பார்த்தா நம்மட ஜொஹறா இப்ப சமைக்கிறாளோ, படுத்திட்டாளோ எண்டு எனக்குத் தெரியாமப் போகுமே. அதனால கையில ஊர் நேரத்தையே கட்டிக்கொண்டு திரிஞ்சன். ரெண்டு நாள் ரெண்டரை மணித்தியாலம் முந்தி எழும்பிப் பள்ளிவாசல் வாசலில குந்திக்கொண்டிருந்தன்.”

கமலாசனிக்கு உடனே ஹாஜியாரின் மனைவி ஜொஹறா மீது பொறாமை வந்தது. நாற்பத்தைந்து வயது, பல்லில் பாதி இல்லை, அவளுக்காக ஒரு மனிதன் மக்காவில்கூட ஊர் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான். தில்லைநாதன் கையில் எந்த ஊர் நேரம் ஓடியது என்று தான் ஒரு நாளும் கேட்கவில்லையே என்று நினைத்தாள். பிறகு அதையும் தள்ளிவிட்டாள். இனிச் சத்தியம் வேண்டாம். கற்பூரம் வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், அம்மாளுக்குக் காட்டிக் கும்பிட்டுவிட்டு வரலாம். கத்தரிப்பூச் சீலையையே உடுத்திக்கொண்டு போகலாம். யார் தெரிந்தெடுத்தால் என்ன, உடுக்கப்போவது நான்தானே.

குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள். உறை ஹாஜியாரின் கையிலேயே இருந்தது.

“இந்தா தங்கச்சி, இதை விட்டிட்டுப் போறாய். நாங்கள் வந்ததும் இந்த பிளேன்தான். மாறாத நேரம். கிழமையில ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஜும்ஆ தொழுதிட்டு ஓடிப்போய் ஏறினதால எனக்கு நல்ல ஞாபகம். இந்த மூலையிலயும் சின்னதா இருபத்தொண்டாந் திகதி எண்டுதான் கிடக்கு.”

கடையில் கலண்டர் தொங்கியது. இருபத்தொன்று வெள்ளிக்கிழமை.

வெள்ளி இரவு பதினொரு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவன் ஞாயிறு மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தான். வந்தவுடன், “பிளேனாலை இறங்கி நேரே வாறன், கமலம், சரியான அலுப்பு” என்று கதிரையில் சாய்ந்தவன். இரவு பஸ் எடுத்தால் விடியப் புளியங்குளம் சந்தி, வெயில் ஏற முன் முள்ளியவளை.

நடுவில் ஒரு முழுச் சனிக்கிழமை கிடக்கிறது. அதற்கு ஜெத்தாவில் எப்போது விடிந்தால் என்ன? அது இந்த மண்ணின் நேரம்.

ஐந்து மணித்தியாலத்தைத் தேடி வந்தவளுக்கு ஒரு நாள் முழுவதும் காணாமற்போயிற்று.

வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. சமைத்தாள், போட்டாள். தில்லைநாதன், “அம்மாளிட்டைப் போகத்தான் வேணுமோ?” என்று ஒரு தரம் கேட்டான். “வெளிக்கிட்டாச்சு, போவம்” என்றாள். கத்தரிப்பூச் சீலை கதிரையிலேயே கிடந்தது. தன் பழைய மஞ்சள் சீலையை உடுத்தாள்.

படலையடியில் வடிவம்மா அவளுடைய கையைப் பிடித்தாள். “கமலம், கேக்கிறதை அளந்து கேள். அம்மாளுக்கு முன்னாலை கேட்டதைத் திருப்பி எடுக்கேலாது.”

“நீங்கள் சொல்லக்கூடியதெண்டால் இப்ப சொல்லுங்கோ மச்சாள். நான் போகாமல் விடுறன்.”

வடிவம்மா கையை விட்டாள்.

சைக்கிளில் அவன் முன்னால், அவள் பின் கரியரில். நந்திக்கடல் பக்கமிருந்து எதிர்க்காற்று அடித்தது. தில்லைநாதன் எழும்பி எழும்பி மிதித்தான். இரண்டு வருஷமாகக் கமலாசனி ஏங்கிய இடம் அதுதான், அவனுடைய முதுகுக்குப் பின்னால். அந்த முதுகில் சாய வேண்டும் போலவும் இருந்தது, அதில் ஓங்கிக் குத்த வேண்டும் போலவும் இருந்தது. கற்பூரப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். சனிக்கிழமை இந்த முதுகை யார் பார்த்தது, இந்தக் கை யார் தலையைத் தடவியது என்று மனம் அரித்தது. ராசமலர் எப்படிச் சிரிப்பாள் என்றுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது. வடிவான சிரிப்பு. அதுதான் இன்னும் எரிந்தது.

கோயில் முன்றலில் சனம் இல்லை. பூசை முடிந்து ஐயர் போய்விட்டார். கமலாசனி கல்லில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

தில்லைநாதன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினான். வலது கையை நீட்டினான்.

“அம்மாளாணை, பிளேன் எங்கையும்...”

“பொறுங்கோ,” என்றாள் கமலாசனி. “பிளேனுக்குச் சத்தியம் வேண்டாம். பிளேன் எங்கையும் நிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஹாஜியார் சொன்னவர். காலமை உங்களை நம்பாமல் விட்டது என்ரை பிழை.”

அவன் முகம் மலர்ந்தது. “பாத்தியோ! நான் அப்பவே...”

“வெள்ளி ராவு இறங்கினீங்கள். ஞாயிறு வந்தீங்கள். சனிக்கிழமை ராசமலரோடை நிக்கேல்லை எண்டு சொல்லி அணையுங்கோ.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மலர்ந்த முகம் பேயறைந்தது போல ஆயிற்று. காற்றில் சுவாலை சரிந்து நிமிர்ந்தது.

“ராசமலர் ஜெத்தாவிலைதான் நிக்கிறாள்,” என்றான். “அவளுக்கு லீவு குடுக்கேல்லை. அவளோடை நான் நிக்கேல்லை. இதுக்கு நான் அணைப்பன், கமலம்.”

“அப்ப அணையுங்கோ.”

கை இறங்கவில்லை.

“சனிக்கிழமை எங்கை நிண்டனீங்கள்?”

அவன் கோயில் வாசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டான். வேறொரு இடமென்றால் அவன் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருப்பான். கொழும்பில் சாமான் எடுக்க நின்றேன் என்றால் அவளும் நம்பியிருப்பாள். வற்றாப்பளையில் நின்றுகொண்டு அவனுக்கு அது வரவில்லை.

“கொழும்புக்குக் கிட்ட, வத்தளையிலை நிண்டனான். ராசமலர் ஒரு பார்சல் தந்துவிட்டவள். அதைக் குடுத்திட்டு, பிள்ளையைப் பாத்திட்டு வந்தனான்.”

“எந்தப் பிள்ளை?”

“ராசமலரின்ரை பிள்ளை.”

கமலாசனிக்குக் காது அடைத்தது. ராசமலருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவளுக்கொரு பிள்ளை இருப்பதாக முள்ளியவளையில் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது. வடிவம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் காலையில் அவளுடைய வாளி கிணற்றுக்குள்ளேயே நின்றது.

“எத்தினை வயசு?”

“பெட்டைப்பிள்ளை,” என்றான் அவன். கேட்டதற்குப் பதில் அதுவல்ல. கற்பூரம் கரைந்து கல்லில் கறுப்பாக ஒட்டி, தானாகவே நூர்ந்தது. பிறகுதான் சொன்னான். “நாலு வயசு.”

கமலாசனியின் கழுத்தில் தாலி ஏறி ஆறு வருஷம். ஆறில் நாலு போனால் என்ன வரும் என்று கேட்க அவள் எந்த ஹாஜியாரிடமும் போகத் தேவையிருக்கவில்லை. பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று அவள் இதே முன்றலில் விழுந்து விழுந்து அடி அழித்துக் கும்பிட்ட வருஷங்கள் அவை.

அவள் அழவில்லை. பெட்டிக்குள் இருந்து இன்னொரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து அதே கல்லில் வைத்தாள். முதல் இரண்டு நெருப்புக்குச்சியும் முறிந்தன. மூன்றாவது பற்றியது.

“பிள்ளைக்குத் தேப்பன் ஆரெண்டு சொல்லிப்போட்டு,” என்றாள், “இதை அணையுங்கோ.”